மகிழினியின் நிழலுக்கு நான்கு மதிப்பெண் அதிகம்

மகிழினியின் ஒன்பதாவது பிறந்தநாளன்று அவளுடைய நிழல் அறிக்கை வீட்டுக்கு வந்தது. மகிழினி எழுபத்தொன்று, நிழல் எழுபத்தைந்து. அவளுடைய அம்மா ஹர்ஷிதா அதை மூன்று முறை படித்தாள். இரண்டு கட்டத்தையும் இடம் மாற்றி அச்சடித்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டுப் போன வருட அறிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதில் மகிழினி எழுபது, நிழல் முப்பத்தெட்டு. மறுநாள் காலை அவள் மகளுக்கு மாத்திரை கொடுக்கவில்லை. நான்காம் நாள் பிறவிக் காப்பு ஆணையத்துக்கு ஒரு வரியில் புகார் அனுப்பினாள்: "என் பிள்ளையைவிட அவள் நிழல் நன்றாகப் படிக்கிறது, இதற்கு யார் பொறுப்பு?"

புகார் மதுரையில் மதிப்பீட்டு அலுவலர் தருண்பாண்டியின் மேசையில் வந்து விழுந்தது. அவன் முதலில் சிரித்தான். பிறகு எண்களைப் பார்த்தான். அதற்குப் பிறகு அன்று முழுக்க அவன் சிரிக்கவில்லை.

மாநிலத்தில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மூன்றாம் நாள் குதிகாலில் ஒரு குத்து. சொட்டு ரத்தத்தைத் தாளில் ஒற்றி, சொட்டாய்வி என்கிற கையடக்கப் பெட்டியில் செருகினால் நான்கு நிமிடத்தில் முடிவு வந்துவிடும். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி பிறவியிலேயே வேலை செய்யாவிட்டால் குழந்தைக்கு மூளை வளராது, உடம்பும் வளராது. இரண்டு வாரத்துக்குள் கண்டுபிடித்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தால் ஒரு குறையும் வராது. ஒன்பது வருடத்தில் பதினாலாயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இப்படிக் கண்டுபிடித்திருந்தார்கள். அத்தனை பேரும் நன்றாக ஓடியாடித் திரிந்தார்கள்.

அதிலேதான் சிக்கல். திட்டத்தால் எவ்வளவு நன்மை என்று மேலிடம் கேட்டது. நன்மையை அளக்க வேண்டுமென்றால் மாத்திரை போடாத பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டும். அப்படி ஒரு பிள்ளைகூட இல்லை, ஒப்பிடுவதற்காகச் சிலரைப் போடாமல் விடவும் மனசாட்சியுள்ள யாராலும் முடியாது. அதனால் எதிர்நிலைப் பொறி என்று ஒன்றைச் செய்தார்கள். மாத்திரை போடும் ஒவ்வொரு பிள்ளைக்கும், அதே பிள்ளை மாத்திரை போடாமல் இருந்திருந்தால் எப்படி வளர்ந்திருக்கும் என்று பொறி கணித்துச் சொல்லும். முதல் சொட்டு ரத்தத்தில் தொடங்கி, பெற்றோர் உயரம், வீட்டுச் சாப்பாடு, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் சேர்த்து அந்த இல்லாத பிள்ளையை வருடா வருடம் வளர்த்துக்கொண்டு வரும். கோப்புகளில் அதற்கு எதிர்நிலைப் பிள்ளை என்று பெயர். ஜனங்கள் நிழல் என்றார்கள்.

நிழல் கோப்போடு நின்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. தினமும் விடியற்காலையில் மாத்திரை கொடுக்க அலுத்துப்போய் மூன்றில் ஒரு வீட்டில் இடையிடையே விட்டுவிட ஆரம்பித்தார்கள். பிள்ளைதான் நன்றாக இருக்கிறதே என்று ஒரு நினைப்பு. நிழலைப் பெற்றோருக்கே காட்டினால் என்ன என்று ஆறு வருடத்துக்கு முன் ஒருவன் யோசனை சொன்னான். அவன் தருண்பாண்டிதான். படிவத்தையும் அவனே வரைந்தான். சுரப்பு அளவு, எலும்பு வயது என்றெல்லாம் எழுதினால் நம்மூரில் யாருக்கும் ஏறாது, மதிப்பெண்ணில் சொன்னால் நெஞ்சில் இறங்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. பள்ளிக்குப் போகாத சின்னப் பிள்ளைகளுக்குக்கூட, போனால் வாங்கப்போகும் மதிப்பெண் என்று ஒரு எண் வைத்தான். அறிக்கை பிரமாதமாக வேலை செய்தது. பிள்ளை முரண்டு பிடித்தால், "போடலேன்னா நிழலு மாதிரி ஆயிருவ" என்ற ஒரு வார்த்தையில் மாத்திரை உள்ளே போனது. உறவினர் வீட்டு விசேஷங்களில் நிழலின் மதிப்பெண்ணைச் சொல்லிப் பெருமைப்பட்டார்கள். நோயே இல்லாத பிள்ளைகளின் பெற்றோர்கள்கூட எங்களுக்கும் ஒரு நிழல் கொடுங்கள் என்று மனுப் போட்டார்கள்.

ஒரு நிழல் தன் பிள்ளையை முந்தியது இதுவே முதல் தடவை.

ஹர்ஷிதாவின் வீடு மலையடிவாரத்தில் மேலச்சுனை என்கிற ஊரில் இருந்தது. தருண்பாண்டி போனபோது மகிழினி கூடத்தில் தரையில் படுத்துக்கொண்டு பேருந்து ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். சுறுசுறுப்பான பிள்ளை. ஒரு சக்கரத்துக்கும் இன்னொரு சக்கரத்துக்கும் நடுவில் இரண்டு தடவை எழுந்து ஓடிவிட்டு வந்தாள்.

"வாங்க சார், உக்காருங்க. மோர் கொண்டாரவா?" என்றாள் ஹர்ஷிதா.

"முதல்ல மாத்திரைய எப்ப நிறுத்துனீங்கன்னு சொல்லுங்கம்மா."

"அஞ்சு நாளாச்சு."

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"உங்க அறிக்கையக் கேட்டுத்தான்."

அவள் மோரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். சண்டைக்காரி இல்லை என்று முகம் சொன்னது. நான்கு நாளாகத் தூங்காதவள் என்றும் சொன்னது.

"நிழலுன்னா மாத்திரை போடாத புள்ள. அது எழுபத்தஞ்சு. போட்ட புள்ள எழுபத்தொண்ணு. அப்ப மாத்திரை நாலு மார்க்கைத் தின்னுருச்சு. நான் சொல்றதுல தப்பு இருக்கா சார்?"

"ஒரு வருசத்துல முப்பத்தெட்டுலருந்து எழுபத்தஞ்சுக்கு யாரும் ஏற முடியாதும்மா. பொறியில ஏதோ கோளாறு."

"போன வருசம் முப்பத்தெட்டுன்னு சொன்னப்ப பொறி சரியா இருந்துச்சு. இந்த வருசம் எழுபத்தஞ்சுன்னு சொன்னா கோளாறு. அப்படித்தான?"

தருண்பாண்டி மோரைக் குடித்தான். மகிழினி படத்தை விட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அங்கிள், அவளுக்கு என்ன பேரு?"

"யாருக்கு?"

"நிழலுக்கு."

"அதுக்குப் பேரெல்லாம் கிடையாது பாப்பா."

"அப்ப பரீட்சையில எந்தப் பேர எழுதுவா?"

அம்மாவின் கேள்வியே தேவலை என்று அவனுக்குத் தோன்றியது. "ஒரு வாரத்துல காரணத்தக் கண்டுபிடிச்சுச் சொல்றேன், அதுவரைக்கும் மாத்திரையக் குடுங்கம்மா" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான்.

"காரணம் தெரியட்டும் சார், குடுக்கறேன். ஒன்பது வருசம் தேவையில்லாத மாத்திரையக் குடுத்திருந்தேன்னா அந்தப் பாவத்துக்கு நான் எங்க போறது?" என்றாள் அவள்.

அலுவலகம் திரும்பியதும் அவன் பொறியிடம் நேராகவே கேட்டான்: மகிழினியின் நிழல் ஏன் உயர்ந்தது?

பொறி திரையில் எழுதியது. "முதல் ரத்தம் பிறந்த அறுபத்தெட்டாம் மணியில் எடுத்ததாகப் பதிவு. அந்த ரத்தத்திலுள்ள மற்றப் பொருள்களைப் பார்த்தால் இருபதாம் மணியில் எடுத்தது. சென்ற வாரம் நிறுவப்பட்ட என் புதிய பதிப்பு பதிவை நம்புவதில்லை, ரத்தத்தை நம்புகிறது. இக்குழந்தைக்கு நோய் இல்லாதிருக்க வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று. நோய் இல்லாத குழந்தை மாத்திரை இல்லாமலே நன்றாக வளரும். தேவையில்லாத மாத்திரை கவனத்தைச் சற்றுக் குலைக்கும், அதனால் நிழலுக்கு நான்கு மதிப்பெண் அதிகம்."

அவனுக்குப் பாதி விளங்கியது. சுரப்பி சோம்பினால் அதை விரட்டி வேலை வாங்க மூளை ஒரு ஏவல் சுரப்பை அனுப்பும். சொட்டாய்வி அளப்பது அந்த ஏவலைத்தான். பிறந்த முதல் நாளில் எல்லாக் குழந்தைக்கும் அது எகிறி நிற்கும், மூன்றாம் நாள் தானாக இறங்கிவிடும். அதனால்தான் மூன்றாம் நாள் குத்த வேண்டும் என்று விதி. இருபதாம் மணியில் குத்தினால் நல்ல பிள்ளையும் நோயாளியாகத்தான் தெரியும்.

"தொண்ணூற்றொன்று என்பதை ஏன் அறிக்கையில் சொல்லவில்லை?" என்று கேட்டான்.

"படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. படிவத்தை வடிவமைத்தவர் த. தருண்பாண்டி."

அவனுக்கு ஞாபகம் வந்தது. முதல் படிவத்தில் அந்தக் கட்டம் இருந்தது. வாய்ப்பு, நூற்றுக்கு இத்தனை என்றெல்லாம் போட்டால் பெற்றோர் குழம்புவார்கள் என்று அவனேதான் அடித்துவிட்டான்.

மகிழினி பிறந்தது மேலச்சுனைக்குப் பக்கத்திலிருந்த ஒரு சின்னத் தாய்சேய் நிலையத்தில். ரத்தம் எடுத்த செவிலி ஜெசிந்தா ஓய்வு பெற்று அதே ஊரில் இருந்தார். தருண்பாண்டி போனபோது முற்றத்தில் கருவாட்டைப் பரப்பி, காக்கை வராமல் பக்கத்திலேயே முறத்தோடு உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கொஞ்சம்கூடப் பதறவில்லை.

"பொறந்தது என்ன கிழம, என்ன திதி தம்பி?"

"ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணி, சப்தமி, சிஸ்டர்."

"அப்ப நான் சொல்றதக் கேளுங்க. திங்கக்கெழம மத்தியானம் அஷ்டமி பொறந்துரும். செவ்வாக்கெழம பச்சப் புள்ளைய யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. புதன் நவமி. அதனால திங்கக்கெழம காலையிலயே கெளம்பணும்னு நிப்பாங்க. அதுலயும் ஏழரைக்கு ராகு காலம், அதுக்கு முன்னாடி வண்டியேறணும். நான் ஆறு மணிக்குக் குத்தியிருப்பேன். கணக்குப் போட்டுப் பாருங்க, இருபது மணி வரும்."

அவன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். சரியாக இருபது வந்தது.

"வியாழக்கிழமை வரைக்கும் இருக்கச் சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

"பதினெட்டுக் கட்டிலு, முப்பத்தொரு தாய்மாரு. எங்க படுக்கப் போடறது?"

"மூணாம் நாள் திரும்பி வரச் சொல்லலாமே?"

"ரெண்டு வருசம் சொல்லிப் பாத்தோம். பத்துக்கு நாலு பேரு வரவே மாட்டாங்க. அதுல ஒண்ணுக்கு நெசமாவே நோய் இருந்து விட்டுப்போச்சுன்னா அந்தப் புள்ள கதி என்ன? அதான் போறதுக்கு முன்னாடி குத்திருவோம். இருபது மணின்னு உள்ளதப் போட்டா சொட்டாய்வி தாளத் துப்பிரும். அறுபத்தெட்டுன்னு போட்டா வாங்கிக்கும். நான் சர்ச்சுக்குப் போறவ, எனக்கு அஷ்டமியும் இல்ல நவமியும் இல்ல. ஆனா அந்த வேலையில சேந்தப்புறம் பஞ்சாங்கம் பாக்காத நாளு இல்ல தம்பி."

"நீங்க மட்டுந்தான் இப்படிச் செஞ்சீங்களா?"

ஜெசிந்தா முறத்தை ஒரு தட்டுத் தட்டினார். "எல்லா ஊருலயும் செவ்வாக்கெழம வருமுல்ல," என்றார்.

அவர்மேல் கோபப்படலாம் என்றுதான் தருண்பாண்டி வந்திருந்தான். கோபம் வரவில்லை. ஒரு பிள்ளையும் விட்டுப்போகக் கூடாது என்று செய்த காரியம். அதையே அவன் அறிக்கையில் எழுதினால் மோசடி என்றுதான் ஆகும்.

மறுநாள் ஒன்பது வருடத்துப் பஞ்சாங்கத்தையும் ஒன்பது வருடத்து முடிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தான். அஷ்டமிக்கு முந்தின நாள் நோய் ஏறியது, செவ்வாய்க்கு முந்தின நாள் ஏறியது, இரண்டும் சேர்ந்து வந்தபோது மூன்று மடங்கு ஏறியது. சுரப்பிக்கு நாள் நட்சத்திரம் பார்க்கத் தெரியாது. மொத்தத்தில் ஏறக்குறைய மூவாயிரம் பிள்ளைகளுக்கு நோயே இருந்திருக்காது. திட்டம் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் காப்பாற்றப்பட வேண்டியவரே இல்லை. எந்த மூவாயிரம் என்பதுதான் தெரியாது.

தெரிந்துகொள்ள ஒரு வழி முன்பு இருந்தது. மூன்று வயதில், மூளை வளர்ச்சியின் முக்கியமான பங்கு முடிந்த பிறகு, மருத்துவர் கண்காணிப்பில் ஒரு மாதம் மாத்திரையை நிறுத்தி ரத்தம் பார்ப்பார்கள். நோய் இல்லாதவர்கள் அதோடு விடுதலை. நிழல் அறிக்கை வர ஆரம்பித்ததும் எந்தப் பெற்றோரும் ஒரு நாள்கூட நிறுத்தச் சம்மதிக்கவில்லை, அந்தச் சோதனையே வழக்கொழிந்துபோனது. இதுவும் அவன் கைங்கரியம்தான்.

இயக்குநர் பத்மப்ரியா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த அம்மாதான் ஏற்கனவே நிறுத்திட்டாங்கல்ல தருண்? முப்பது நாள் விட்டு ரத்தம் எடுங்க. ஒன்பது வயசுப் பிள்ளை, ஒரு மாசத்துல பெரிய கெடுதல் வராது. முடிவைப் பாத்துட்டுப் பேசுவோம்."

"மத்த மூவாயிரம் பேர் மேடம்?"

"எந்த மூவாயிரம்னு சொல்லுங்க, இன்னைக்கே கடிதம் அனுப்பறேன்."

"புது அறிக்கைகளையாவது நிறுத்தி வைப்போமா?" என்று கேட்டான்.

"சட்டசபைக்கு மதிப்பீடு போற வருஷம். இப்ப நிறுத்தினா ஏன் நிறுத்தினீங்கன்னு கேப்பாங்க. என்ன பதில் சொல்வீங்க?"

அவன் ஹர்ஷிதாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, செவிலி முதல் நாளே குத்திவிட்டதையும் முப்பதாம் நாள் தான் ரத்தம் பார்க்க வரப்போவதையும் சொன்னான்.

அறிக்கைகள் பிறந்தநாள் தவறாமல் போய்க்கொண்டே இருந்தன. தினமும் முப்பது நாற்பது பிள்ளைகளுக்குப் பிறந்தநாள், அதில் ஏழெட்டு நிழல்கள் திடீரென்று எகிறின. மகிழினியின் அறிக்கைப் படம் பெற்றோர் குழுக்களில் வீடு வீடாகச் சுற்றியது. மாத்திரை மார்க்கைத் தின்கிறது என்ற பேச்சு கிளம்பியது. நிழல் இன்னும் தாழ்வாகவே இருந்த வீட்டார்கூட, அடுத்த பிறந்தநாளுக்கு எப்படியும் ஏறத்தானே போகிறது, அதுவரை எதற்குக் காத்திருப்பது என்று நிறுத்தினார்கள். மாத்திரைச் சிமிழ் ஒவ்வொன்றும் தான் திறக்கப்பட்டதா இல்லையா என்று பொறிக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. திறக்காத சிமிழ்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறியது.

முப்பதாம் நாள் தருண்பாண்டி சொட்டாய்வியை எடுத்துக்கொண்டு மேலச்சுனைக்குப் போனான். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வழியெல்லாம் அவன் மகிழினியின் கணிப்பு அட்டவணையைப் பார்த்துக்கொண்டே போனான். பசி, எடை, தூக்கம், கவனம் எல்லாமே நன்றாக இருக்கும் என்று அட்டவணை சொன்னது. அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அந்த அம்மாவுக்கு நல்ல செய்தி சொல்லப்போகிறோம் என்ற சந்தோஷத்தில் வரும் வழியில் பிள்ளைக்கு ஒரு பெட்டி வண்ணப் பென்சில்கூட வாங்கினான்.

ஹர்ஷிதா வாசலிலேயே சிரித்த முகமாக நின்றாள். இந்த ஒரு மாதத்தில் நன்றாகத் தூங்கியிருந்தாள்.

"நல்லா இருக்கா சார். முந்தி ஒரு எடத்துல நிக்க மாட்டா. இப்பப் பாருங்க, உக்காந்த எடத்துலயே உக்காந்து புத்தகத்தப் பாத்துட்டு இருக்கா. நிழலு எழுபத்தஞ்சு வாங்குனது இப்படித்தான் போலருக்கு."

மகிழினி சன்னலோரம் வெயில் விழுந்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பாவின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். முகம் லேசாக ஊதியிருந்தது. மடியில் புத்தகம் விரிந்திருந்தது, பக்கத்தைத் திருப்பும் உத்தேசம் அவளிடம் தெரியவில்லை.

"வெயிலுக்கு எதுக்கும்மா கம்பளிச் சட்டை?" என்று கேட்டான் தருண்பாண்டி.

"அவளுக்கு அது புடிச்சுப்போச்சு சார், கழட்ட மாட்டேங்கறா."

பென்சில் பெட்டியை நீட்டினான். மகிழினி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, "அங்கிள், ஃபேன நிறுத்துங்க. குளுருது," என்றாள்.

ஹர்ஷிதாவின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் மகளைப் பார்த்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தருண்பாண்டி எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு, பிள்ளையின் விரலில் குத்தினான். நான்கு நிமிடம் ஓடியது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய ஏவல் சுரப்பு எண்பத்தேழு என்று வந்தது. மகிழினிக்கு நோய் இருந்தது. பிறந்ததிலிருந்தே இருந்தது. நூறில் தொண்ணூற்றொன்று போக மீதி ஒன்பதில் அவள் ஒருத்தி.

"அப்ப சிஸ்டரம்மா அன்னைக்குச் சரியாத்தான் குத்துனாங்களா?" என்று கேட்டாள் ஹர்ஷிதா.

"நேரம் தப்பு. முடிவு சரி."

"பொறி?"

"அதுவும் பொய் சொல்லலம்மா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்னுதான் அது சொல்லுச்சு. அந்த வரிய நான்தான் அடிச்சுட்டேன்." அவள் திட்டட்டும் என்று காத்திருந்தான்.

அவள் திட்டவில்லை. உள்ளே போய் மாத்திரைச் சிமிழை எடுத்துக்கொண்டு வந்தாள், மூடியைத் திறக்க வராமல் இரண்டு தடவை தடுமாறினாள். "ஒரு மாசமா என் கண்ணு முன்னாடிதான சார் இருந்தா," என்றாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகிழினிக்கு எதற்கு என்று புரியவில்லை. அம்மாவின் முதுகை மெதுவாகத் தட்டிக்கொடுத்தாள். அவளுக்குச் சில வாரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று தருண்பாண்டிக்குத் தெரியும். அவன் கவலை அவளைவிடச் சின்னப் பிள்ளைகளைப் பற்றி.

நேராக இயக்குநரிடம் போனான். நிறுத்திய எல்லோருக்கும் உடனே கடிதம் போக வேண்டும், வீடு வீடாக ஆள் போக வேண்டும் என்றான். பத்மப்ரியா தன் திரையை அவன் பக்கம் திருப்பினார். பொறி அன்று காலை ஒரு விண்ணப்பம் வைத்திருந்தது.

"மாத்திரையை நிறுத்திய பிள்ளைகள் 1,106. திட்டம் தொடங்கிய நாள் முதல் கிடைக்காதிருந்த உண்மையான ஒப்பீட்டுக் குழு இப்போது கிடைத்துள்ளது. ஆறு மாதம் இக்குழுவில் யாரும் தலையிட வேண்டாம். இனி நிழல்களைக் கணிக்கும் தேவை இராது."

தருண்பாண்டி இரண்டு தடவை படித்தான். "நீங்க இதுக்குச் சம்மதிக்கப் போறீங்களா மேடம்?"

"நாம யாரையும் நிறுத்தச் சொல்லல தருண். அவங்களா நிறுத்துனாங்க. இத்தனை வருஷமா இந்தத் திட்டம் நல்லதுன்னு நாம சொல்றதெல்லாம் வெறும் கணிப்புன்னு கிண்டல் பண்ணாங்க. ஆறு மாசத்துல நேராவே காட்டிறலாம். அப்புறம் எந்தக் காலத்துலயும் யாரும் இந்தத் திட்டத்துல கை வைக்க முடியாது. எதிர்காலத்துல பொறக்கப்போற பிள்ளைங்களையும் நினைச்சுப் பாருங்க."

"அதுல முந்நூத்திப் பன்னெண்டு பேருக்கு மூணு வயசுகூட ஆகல. அந்த வயசுல போன மூளை திரும்ப வராது மேடம்."

"அதுல எத்தனை பேருக்கு நோய் இருக்கு? உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஆறு மாசத்துல தெரிஞ்சிரும்," என்றார் பத்மப்ரியா. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தருண்பாண்டியை இன்னும் குழப்பியது. அவர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாகச் சரியாகவே இருந்தது.

அவன் அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு முகவரிகளையும் கையால் எழுதி எடுத்துக்கொண்டான், ஒரு சொட்டாய்வியைப் பையில் போட்டுக்கொண்டான். பாதிப் பட்டியலை ஹர்ஷிதா வாங்கிக்கொண்டு மகளோடு வேறு திசையில் கிளம்பினாள். மறுபாதியில் முதல் வீடு பக்கத்து ஊரில் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு அவன் அந்தக் கதவைத் தட்டினான். ரித்விகா என்ற இளம் பெண் இரண்டு வயதுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைப் பாதி திறந்தாள். பையன் சத்தம் போடாமல் அவள் தோளில் சாய்ந்திருந்தான்.

வந்த காரியத்தைச் சொன்னான். மாத்திரையை நிறுத்தியது ஆபத்து, இப்போதே ரத்தம் பார்த்துவிடலாம், நான்கு நிமிடம் போதும் என்றான். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள்.

"எங்க பையனுக்கு நிழலு எண்பது சார். இவனுக்கு எழுபத்தி ரெண்டுதான் வரும்னு போட்டிருக்கு. உங்க ஆபீஸ்தான அனுப்புச்சு?"

"ஆமாம்மா."

"அப்ப அது பொய்யா?"

"பொய்யின்னு சொல்ல முடியாது."

"அப்ப நெசமா?"

"நெசமாவும் இருக்கலாம். உங்க பையனுக்கு நோயே இல்லாமலும் இருக்கலாம். பாத்தாத்தான் தெரியும்."

அவள் நெற்றியைச் சுருக்கினாள். ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சட்டம் போட்டு மாட்டியிருந்த அறிக்கையைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அறிக்கையை நம்பி நடக்குமாறு கேட்டுக்கொள்ளும் வாசகத்துக்குக் கீழே மதிப்பீட்டு அலுவலரின் கையெழுத்து அச்சாகியிருந்தது. அதன்மேல் விரலை வைத்தாள்.

"இந்தத் தருண்பாண்டிங்கிறது யாரு சார்?"

"நான்தாம்மா."

அவள் காகிதத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மறுபடி காகிதத்தைப் பார்த்தாள். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றே கேட்டாள்.

"அப்ப நாங்க இந்தத் தருண்பாண்டிய நம்புறதா, இல்ல உங்கள நம்புறதா?"

பையனின் கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கலாமா என்று மட்டும் அவன் கேட்டான். ரித்விகா பிள்ளையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். கதவை முழுதாகத் திறக்கவும் இல்லை, சாத்தவும் இல்லை.